பவேரியாவில் ஓர் ஊர் வெளிக்கிட்டது

முதலில் என் மடத்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது மரியாதை. ஜெர்மனியில் எனக்குச் சினிமாவில் நடிக்கச் சந்தர்ப்பம் கிடைத்திருக்கிறது என்று லண்டனில் குறைந்தது நாற்பது பேரிடம் சொல்லிவிட்டுத்தான் நான் விமானம் ஏறினேன். என் பெட்டியில் கறுப்புக் கண்ணாடி, முகத்துக்குப் பூசும் கிறீம், இடமிருந்தும் வலமிருந்தும் நேராகவும் எடுத்த என் படங்கள் எல்லாம் இருந்தன. வேலையிடத்தில் ஒரு வெள்ளைக்காரி என்னிடம் கையெழுத்துக்கூட வாங்கினாள். அது என் லீவுப் பத்திரத்தில் என்பது வேறு கதை.

குற்றம் முழுக்க என்னுடையது அல்ல. என் மனைவியின் தம்பி குகன் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: “அத்தான், பவேரியாவில நடிக்கிற வேலை. ஒரு நகரத்தையே கட்டி வைச்சிருக்கினம். ஹெலி, டாங்கி எல்லாம் வரும். ஒரு ஆள் குறையுது.” இதைக் கேட்டவன் வேறென்ன நினைப்பான்?

உண்மையில் நான் ஜெர்மனியின் எசன் நகரத்துக்குப் போனது ஓர் உறையைக் கொடுக்க. குகனின் கலியாணப் பதிவுச் சான்றிதழ், முத்திரை குத்தி, மொழிபெயர்த்து, மறுபடி முத்திரை குத்தி, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. தபாலை நம்ப மாட்டேன் என்று என் மனைவி அதை என் கையில் தந்து அனுப்பினாள். அவள் என்னை நம்பிய கடைசித் தடவை அது.

குகன் பதினோரு வருடமாக எசனில் இருக்கிறான். மூன்று வருடத்துக்கு முன் திருச்சிக்குப் போய் வதனியைக் கட்டினான். நாற்பது நாள் அவளோடு இருந்தான். அதன்பிறகு அவள் அங்கே, இவன் இங்கே. அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் நிரந்தர வேலைக்கான கடிதம் காட்ட வேண்டும். அவன் கோப்பை கழுவிய உணவகமோ பூட்டுப்பட்டுவிட்டது. இப்போது நடிக்கும் ஆட்களைச் சேர்த்துக் கொடுக்கும் பிறாவ் பெக்கர் என்ற அம்மையார் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். இந்தத் தடவை ஒரு குழப்பமும் இல்லாமல் முடிந்தால் குகனைக் குழுத் தலைவராக்கி, ஒரு வருட ஒப்பந்தமும் கடைசி நாளில் கையோடு கடிதமும். அடுத்த செவ்வாய்க்கிழமை அவனுக்கு டெர்மின். ஜெர்மனியில் டெர்மின் என்றால் நேரம் குறித்துக் கொடுத்த சந்திப்பு. கடவுளைத் தவறவிட்டாலும் டெர்மினைத் தவறவிடக் கூடாது.

“ஒரு குழப்பமும் இல்லாமல்” என்ற நிபந்தனையோடு ஆள் தேடியவன் என்னைக் கூப்பிட்டான் பாருங்கள். மடத்தனம் எங்கள் குடும்பத்தில் கலியாண வழியாகவும் பரவும்.

எசனில் பத்துப் பேரும் டோர்ட்மண்டில் எட்டுப் பேருமாகப் பதினெட்டுத் தமிழர் பஸ்ஸில் ஏறினோம். பெரும்பாலும் யாழ்ப்பாணம், கொஞ்சம் மன்னார். மன்னார்ப் பக்கத்தின் தலைவி பிலோமினா அக்கா. முதியோர் இல்லமொன்றில் சமையல் வேலை செய்பவர். விடுமுறையை இதில் கழிக்க வந்திருந்தார். ஏறியவுடன் செபமாலை சொன்னார். முடிந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்து, உந்தக் கண்ணாடியைக் கழற்றும் தம்பி, பஸ்ஸுக்குள் வெயில் இல்லை என்றார்.

வழியில் ஓய்விடத்தில் நிறுத்தினார்கள். பெயர்ப்பலகையில் கறி என்ற சொல்லைப் பார்த்ததும் என் நெஞ்சு நிமிர்ந்தது. நம்முடைய சாமான் ஜெர்மன்காரனின் நெடுஞ்சாலை வரை வந்துவிட்டதே என்று வரிசையில் நின்றேன். தந்தது பன்றிச் சொசேச், மேலே தக்காளிச் சோஸ், அதன் மேலே மஞ்சள் தூள் மாதிரி ஒரு துக்கம். இது கறி இல்லை என்று கடைக்காரனுக்கு ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தபோது பஸ் போய்விட்டது.

கழிவறைப் பீங்கான் ஏற்றிய ஒரு போலந்து லொறிக்காரன் என் கை ஆட்டத்தைப் பார்த்து ஏற்றிக்கொண்டான். அவனுக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்குப் போலிஷ் தெரியாது. இருவரும் ஒன்றரை மணி நேரம் இடைவிடாமல் கதைத்தோம். அடுத்த ஓய்விடத்தில் குகன் தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றான். அவன் ஆட்களை எண்ணித்தான் இருக்கிறான். என் ஆசனத்தில் கிடந்த கோட்டையும் நான் என்று எண்ணிவிட்டானாம். பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று பிலோமினா அக்கா சாட்சி சொன்னார்.

நகரத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் எனக்கு முழுதாகப் புரிந்தது. காட்டுக்கு நடுவில், வேலி போட்ட பயிற்சி நிலத்தில், முப்பது வரையான கொங்கிறீட் வீடுகள். யன்னலுக்குக் கண்ணாடி இல்லை. பலகையில் செய்த கும்மட்டத்தோடு ஒரு பள்ளிவாசல். சந்தையில் பிளாஸ்டிக் தோடம்பழம். உயிரோடு இருந்தவை பன்னிரண்டு ஆடுகள் மட்டுமே. அது ஈராக் சண்டை டிவியில் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்த காலம். அங்கே போகப்போகிற அமெரிக்கப் பட்டாளம் இங்கே வந்து, கிளர்ச்சிக்காரர் கையில் இருக்கும் நகரத்தை எப்படித் திருப்பிப் பிடிப்பது என்று பழகும். கிளர்ச்சிக்காரராக வேறொரு பட்டாளத்துப் பொடியள். ஊர்ச்சனமாக நாங்கள். கமெரா எங்கே என்று நான் குகனைக் கேட்டேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் தோள் மட்டும் குலுங்கியது.

கைபேசிகளை ஒரு பையில் வாங்கிக்கொண்டார்கள். நீள அங்கி தந்தார்கள், தலைக்குத் துவாய் தந்தார்கள், நெஞ்சில் மாட்ட ஒரு பட்டி தந்தார்கள். துவக்கிலிருந்து வருவது குண்டல்ல, கண்ணுக்குத் தெரியாத ஒளி. அது பட்டால் பட்டி பீப் என்று கத்தும். கத்தினால் நீங்கள் அடிபட்டவர். சட்டைப்பையில் இருக்கும் அட்டையைப் பிரித்து, உங்களுக்கு என்ன காயம் என்று படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இவ்வளவு ஒழுங்கு ஜெர்மனியில்தான் சாத்தியம் என்று நினைத்தேன்.

எனக்குப் பேக்கரிக்காரர் வேடம். குகன் உதவி மேயர். பிலோமினா அக்கா ஏழு பிள்ளைகளின் விதவைத் தாய். ஆள் பற்றாக்குறையால் பிள்ளைகள் இல்லை.

பட்டாளத்து மேஜர் எங்கள் முன்னால் வந்து பேசினார். உயரமான, தூக்கம் குறைந்த மனிதர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது: “நீங்கள் நடிக்க வேண்டாம். இப்படி ஒரு ஊரில் இருக்கும் சனம் என்ன செய்யுமோ அதைச் செய்யுங்கள். என் ஆட்கள் இங்கே பிழை விடட்டும். அங்கே விடாமல் இருப்பார்கள்.” பிறாவ் பெக்கர் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து, கூடவே தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார். பயிற்சி எல்லையைத் தாண்டுகிறவருக்கு அந்த நிமிடமே ஒப்பந்தம் முடிந்தது. குகன் எங்களுக்காக அதைத் தமிழில் சொன்னபோது கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்தே சொன்னான்.

அடுத்த மூன்று நாளும் எனக்குத் திருவிழா. காலையில் சுற்றுக்காவல் வரும். நாலு நாலு பேராக, முன்னால் நிற்பவன் தோளில் பின்னால் நிற்பவன் கை வைத்து, பள்ளிக்கூட ரயில் விளையாட்டு மாதிரிச் சுவரோடு ஒட்டி வருவார்கள். கதவடியில் ஒரு நொடி மூச்சைப் பிடிப்பார்கள். பிறகு தடாலென்று உள்ளே. ஒருவன் இடப்பக்க மூலை, அடுத்தவன் வலப்பக்க மூலை. புகைக்குண்டு, கத்தல், ஒலிபெருக்கி. நான் பாண் தட்டோடு நடுவில் நின்று ரசித்தேன். பயந்தவன் மாதிரி நில் என்று பிறாவ் பெக்கர் இரண்டு தரம் சைகை காட்டினார். பயம் வந்தால்தானே?

நான் நாட்டைவிட்டு வந்தது எழுபதுகளின் கடைசியில், படிக்க. சண்டை என்றால் எனக்கு டிவியும் லண்டன் மண்டபங்களில் நடக்கும் கூட்டமும்தான். மற்றப் பதினேழு பேரும் அப்படி இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நாட்களில் அதை நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அதையும் மடத்தனக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் என் பட்டி கத்தியது. ஆசையோடு அட்டையைப் பிரித்தேன். “வலது கால் இல்லை. நினைவு உண்டு. பேச முடியாது” என்று இருந்தது. ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு மண்ணில் கிடந்தேன். என் மனைவி பார்த்திருந்தால் அந்தத் துவக்கை விலை விசாரித்திருப்பாள்.

சாப்பாடுதான் சோதனை. பட்டாணி சூப், செங்கல் போன்ற கறுப்புப் பாண். ஊரில் காலையில் வரும் றோஸ் பாண் கையில் எடுத்தால் அமுங்கும். இதைக் கையில் எடுத்தால் நாம் அமுங்குவோம். இரண்டாம் நாளே பிலோமினா அக்கா தன் பெட்டியின் அடியிலிருந்து மிளகாய்த் தூளையும் பருப்பையும் அரிசியையும் எடுத்தார். என் பேக்கரியில் ஒப்புக்கு வைத்திருந்த அடுப்பு உண்மையில் எரிந்தது. நாலாம் நாள் எங்கள் வீட்டைச் சோதனை போட வந்த நாலு பேரில் கடைசி ஆள் பானைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டான். ஆயுதம் ஏதாவது மறைத்திருக்கிறார்களா என்று அவன் மூடியைத் திறந்து பார்த்தது சட்டப்படி சரி. கரண்டியை எடுத்ததுதான் கொஞ்சம் அதிகம்.

ஐந்தாம் நாள்தான் நகரத்தைப் பிடிக்கும் நாள். எப்போது, எந்தப் பக்கத்தால் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. காலைச் சாப்பாடு முடியும் நேரம் ஹெலிகொப்டர் ஒன்று தாழப் பறந்து வந்தது. வெள்ளைப் பறவைக் கூட்டம் போல நோட்டீஸ்கள் கொட்டின. நான் சந்தைக்கு நடுவில் ஓடி, துள்ளி, ஒன்றை எட்டிப் பிடித்தேன். ஒரு பக்கம் அரபு, மறுபக்கம் எங்களுக்காக ஜெர்மன். “வீட்டுக்குள்ளேயே இருங்கள். வெளியே வர வேண்டாம். உங்களைப் பாதுகாக்கவே வருகிறோம்” என்று இருந்ததாகக் குகன் வாசித்துச் சொன்னான்.

சொல்லி முடித்தவன் அதை நாலாக மடித்துப் பையில் வைத்தான்.  பிலோமினா அக்கா பானையை அடுப்பிலிருந்து இறக்கினார். சோறு இன்னும் வேகவில்லை. மூடியைத் துணியால் வரிந்து கட்டினார். டோர்ட்மண்ட் அண்ணை ஒருவர் தண்ணீர்ப் போத்தல்களைச் சேர்த்தார். ஒருவர் என் கட்டில் விரிப்பை உருவி விளக்குமாற்றுத் தடியில் கட்டினார். இதெல்லாம் நாடகத்தில் எனக்குச் சொல்லாமல் விட்ட பகுதி என்றே நான் நினைத்தேன்.

“என்னக்கா, எங்க போறம்?” என்றேன்.

“நோட்டீஸ் போட்டாச்செண்டா பிறகு இருக்கிறேல்ல, தம்பி. வெளிக்கிடும்.”

“வீட்டுக்குள்ள இருக்கச் சொல்லியெல்லோ போட்டிருக்கு?”

“வீட்டுக்குள்ள இரு எண்டால் வெளிய போகோணும். கோயிலுக்குப் போ எண்டால் கோயிலுக்குக் கிட்டவும் போகக்கூடாது. உமக்கு லண்டனில இதுகள் படிப்பிக்கேல்லையே?”

எனக்கு உற்சாகம் தலைக்கேறியது. வெள்ளைக் கொடியை நான்தான் பிடிப்பேன் என்று வாங்கிக்கொண்டேன். மீதிப் பாண் பையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன். பின் வீதியில் காவலுக்கு நின்ற கிளர்ச்சிக்காரப் பொடியள் இரண்டு பேர் எங்கே போகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். சந்தைக்கு என்றேன். சந்தை எங்களுக்குப் பின்னால் இருந்தது. இதுவும் திட்டத்தில் உள்ளதாக்கும் என்று அவர்கள் வீதிக்குக் குறுக்கே கிடந்த தடியைத் தூக்கி வழி விட்டார்கள்.

திரும்பிப் பார்த்தேன். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பதினேழு பேரும் வீதியின் ஓரமாக, ஒருவருக்கொருவர் பத்தடி இடைவெளி விட்டு, வயதானவர்களை நடுவில் விட்டு வந்துகொண்டிருந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. “ஒட்டி வராதேங்கோ. இடைவெளி விட்டு வாங்கோ. அத்தான், நடுறோட்டை விட்டு இறங்குங்கோ” என்றது குகனின் குரல். ஆனால் அப்படி ஒரு குரலில் அவன் பேசி நான் கேட்டதில்லை. அங்கிக்குள்ளே, நெஞ்சுப் பட்டிக்குக் கீழே, எதையோ கையால் அணைத்துப் பிடித்திருந்தான். நான் லண்டனிலிருந்து கொண்டுவந்த உறையும் அவனுடைய மற்றப் பத்திரங்களும் அடங்கிய கோப்பு அது.

ஹெலிகொப்டர் திரும்பி வந்தது. நான் கொடியை ஆட்டி அதற்குக் கை காட்டினேன். சுற்றிப் பார்த்தால் வீதியில் ஒருவரும் இல்லை. பதினேழு பேரும் வீதியோர வடிகால் கானுக்குள் குப்புறக் கிடந்தார்கள். பிலோமினா அக்கா எட்டி என் அங்கியின் கரையைப் பிடித்து இழுத்ததில் நானும் சேற்றில் விழுந்தேன். பானை மட்டும் கவிழவில்லை. அதை அவர் வயிற்றோடு அணைத்திருந்தார். என் காதோரமாக அவர் மூச்சு வேகமாக வந்துபோனது. அப்போதுதான் முதல் தடவையாக எனக்குப் பயம் வந்தது.

நாற்பது நிமிடம் நடந்தோம். கம்பி வேலி ஒன்றில் திறந்த படலை இருந்தது, நுழைந்தோம். அதற்கப்பால் சோளக் காடு, அதற்கப்பால் ஒரு வீடும் மாட்டுத் தொழுவமும். ஒரு பவேரியக் கிழவி முட்டைக் கூடையோடு வெளியே வந்தார். அவர் முன்னால் அங்கியும் துவாயும் சேறுமாகப் பதினெட்டுப் பேர், விளக்குமாற்றில் ஒரு வெள்ளைக் கொடி, என் பாண் பையை நம்பி வந்த மூன்று ஆடுகள். அவர் கூடையைக் கீழே வைத்தார். உள்ளே போனார். பொலிசுக்கு அடிக்கிறார் என்று நினைத்தேன். பெரிய பானையில் கோப்பியும் உருளைக்கிழங்குச் சலாட்டும் கொண்டுவந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்கவில்லை. எத்தனை கோப்பை என்று மட்டும் கேட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிழக்கேயிருந்து விரட்டப்பட்டு, ஐந்து வயதில் நடந்தே வந்தவராம் அவர். பிறகு குகன் சொன்னான்.

கோப்பி உள்ளே போனதும்தான் ஒவ்வொருவராக ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோருமே வெட்கத்தோடு சிரித்தார்கள். குகன் சிரிக்கவில்லை. ஒரு பால் பீப்பாவின் மேல் இருந்து, வந்த பாதையையே பார்த்தான்.

“அத்தான், அந்தப் படலை எல்லை,” என்றான். “என்ர கடிதம் போயிட்டுது.”

இதற்கிடையில் நகரத்தில் நடந்ததைப் பிறகு கேள்விப்பட்டோம். மேஜரின் ஆட்கள் மூன்று பக்கத்தால் நுழைந்திருக்கிறார்கள். வீடு வீடாகக் கதவை உடைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரும் இல்லை. என் பேக்கரி அடுப்பு மட்டும் சூடாக இருந்திருக்கிறது. பதினெட்டுப் பொதுமக்கள் உண்மையிலேயே காணாமல் போய்விட்டார்கள் என்று சண்டையை நிறுத்தி, கிளர்ச்சிக்காரரும் பட்டாளமும் ஒன்றாகச் சேர்ந்து எங்களைத் தேடியிருக்கிறார்கள். நான் அறிந்தவரையில் உலகத்தில் அப்படி ஒரு சமாதானத்தை வேறு யாரும் ஏற்படுத்தவில்லை.

பிறாவ் பெக்கர் ஒரு வேனில் வந்து இறங்கினார். எங்களை எண்ணினார். ஆடுகளையும் எண்ணினார். பிறகு குகனிடம் மெதுவான குரலில் பேசினார். ஜெர்மன் புரியாத எனக்கே அந்த மெதுவான குரல் பயத்தைத் தந்தது. எல்லையைத் தாண்டியாயிற்று, பொறுப்பாக இருந்தவன் நீ, ஒப்பந்தம் கிடையாது, கடிதமும் கிடையாது. குகன் தலையை மட்டும் ஆட்டினான்.

முகாமுக்குத் திரும்பியதும் நான் நேரே மேஜரின் கூடாரத்துக்குள் போனேன். மற்றவர்கள் என்னைத் தடுக்கப் பின்னால் வந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக வீரமாக ஒரு காரியம் செய்ய முடிவெடுத்திருந்தேன். எல்லாம் என் வேலை, நான்தான் முன்னால் நின்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனேன், குகனுக்குச் சம்பந்தமே இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மேஜர் என் சேற்று முகத்தைப் பார்த்தார். பிலோமினா அக்காவைப் பார்த்து, உண்மையா என்று கேட்டார்.

“இந்தாளோ?” என்றார் அக்கா தமிழில். “இந்தாளுக்குப் பின்னால ஆடுதான் போகும். சொல்லு, குகன்.”

குகன் அதைச் சொல்லவில்லை. வேறொன்றைச் சொன்னான். ஜெர்மனில் சொன்னான், பிறாவ் பெக்கர் வேறு வழியில்லாமல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். “சனம் செய்வதைச் செய்யச் சொன்னீர்கள். நோட்டீஸ் விழுந்தால் சனம் போகும். அதைத்தான் செய்தோம்.”

 மேஜர் மேசையில் இருந்த வரைபடத்தைத் திருப்பி, எந்த வீதியால் போனீர்கள் என்று காட்டச் சொன்னார். குகன் விரலை வைத்தான். நோட்டீஸ் விழுந்து எவ்வளவு நேரத்தில் வெளிக்கிட்டீர்கள் என்று கேட்டார். இருபது நிமிடம் என்றான் குகன். இன்றைக்குக் கொஞ்சம் பிந்திவிட்டது என்று மன்னிப்புக் கேட்பது போலச் சேர்த்தான். அந்த வீதியால்தான் தன் டாங்கிகள் வர இருந்தன என்றும் பாலத்தடியில் ஒன்று பழுதாகி நின்றதால்தான் வரவில்லை என்றும் மேஜர் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை.

நாளைக்கும் இதையே செய்யுங்கள் என்றார். பிறாவ் பெக்கர் எல்லை, விதி, ஒப்பந்தம் என்று தொடங்கினார். எல்லையை இன்று பின்னேரமே சோளக் காடு வரை தள்ளிக் கீறுகிறேன், இவர்கள் இல்லாமல் எனக்கு இந்தப் பயிற்சி வேண்டாம், இவர்களைக் கூட்டிப் போகத் தெரிந்தவர் இவர்தானே என்று மேஜர் குகனைக் காட்டினார். பிறாவ் பெக்கர் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து, முடிவைக் கடைசி நாளில் சொல்வதாகச் சொன்னார்.

ஆறாம் நாள் மறுபடி நோட்டீஸ் விழுந்தது. பதினாறு நிமிடத்தில் வெளிக்கிட்டோம். பாலத்தடியில் ஒரு திருப்பம். அங்கே டாங்கிக்குப் பக்கத்தில் நின்ற இளம் சிப்பாய்க்கு எங்களைப் பற்றி முன்பே சொல்லவில்லையாக்கும், அவன் எங்களை எதிர்பார்க்கவில்லை. என் கொடி முதலில் தெரியாமல் விளக்குமாற்றுத் தடிதான் தெரிந்ததோ என்னவோ. ஒரு நொடிதான். பட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்தத் தொடங்கின. பதினெட்டில் பதினாறு. கானுக்குள் பிலோமினா அக்காவின் பட்டியும் கத்தியது. அவர் அட்டையைப் பிரிக்கவில்லை. எழும்பி, சேலைத் தலைப்பு இல்லாததால் அங்கியால் முகத்தைத் துடைத்து, சும்மா நின்றார். அந்தச் சிப்பாய் துவக்கைக் கீழே விட்டுவிட்டு ஓடி வந்து, மன்னியுங்கள் அம்மா, மன்னியுங்கள் அம்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பட்டிகள் பீப் பீப் என்று காட்டையே நிரப்பின. மேஜர்தான் கையில் சாவியோடு வந்து ஒவ்வொருவருடையதாக நிறுத்தினார். என்னுடையதைக் கடைசியாக நிறுத்தினார். என்னிடம் அப்போது பகிடி ஒன்றும் இருக்கவில்லை.

அன்று பிற்பகலே மூன்றாம் தடவை. திருப்பத்துக்கு முன்பே ஒரு சிப்பாய் கையைத் தூக்கினான். டாங்கி வீதியைவிட்டு வயலுக்குள் இறங்கி நின்றது. தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கி வைத்திருந்தார்கள். நாங்கள் பதினெட்டுப் பேரும், இந்தத் தடவை ஏழு ஆடுகளும், பத்தடி இடைவெளியில் கடந்து போனோம். ஒரு பட்டியும் கத்தவில்லை. எனக்குச் சத்தம் போட்டுக் கூவ வேண்டும் போல இருந்தது. பானையைச் சுமந்த பிலோமினா அக்கா காலையில் ஓடி வந்த அதே சிப்பாயின் முன் நின்று, மூடியைத் திறந்து, இந்தா என்றார். தமிழில்தான். அவனுக்கு விளங்கியது. அதன் பிறகு நகரத்தை ஒரு மணி நேரத்தில் பிடித்துவிட்டார்களாம். நாங்கள் பார்க்கவில்லை. சோளக் காட்டுக்கு அப்பால் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம்.

கடைசி நாள் பிறாவ் பெக்கர் கைபேசிகளைத் திருப்பித் தந்தார். குகனிடம் மட்டும் ஒரு தாள் நீட்டினார். ஒரு வருட ஒப்பந்தம், பதவி “பொதுமக்கள் குழுத் தலைவர்”. என்னிடம் ஒன்றும் நீட்டவில்லை. நீங்கள் லண்டனில் நிரந்தரமாக இருப்பவர்தானே என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை டெர்மினுக்கு நானும் கூடப் போனேன். தைரியத்துக்கு என்று சொன்னேன். யாருடைய தைரியத்துக்கு என்று குகன் கேட்டான். அறையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா இருந்தார். மேசையில் ஒரு கள்ளிச்செடி, அதற்குப் பக்கத்தில் முத்திரைகள் வரிசையாக. சான்றிதழைப் பார்த்தார், வீட்டின் அளவைப் பார்த்தார், கடிதத்தில் நின்றார். பொதுமக்கள் குழுத் தலைவர் என்றால் என்ன வேலை என்று கேட்டார். சனத்தைக் கவனிக்கிற வேலை என்று குகன் சுருக்கமாகச் சொன்னான். அவன் கை மேசைக்குக் கீழே முழங்காலைப் பிடித்திருந்தது.

அது போதுமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் இவ்வளவு பெரிய வேலையை இவ்வளவு சின்னதாகச் சொல்கிறானே என்று எனக்குப் பொறுக்கவில்லை. ஆங்கிலத்தில் தொடங்கினேன். ஹெலிகொப்டர், நோட்டீஸ், பானை, பாலத்தடி எல்லாம் சொன்னேன். கானுக்குள் எப்படிப் படுப்பது என்று காட்ட நிலத்தில் குப்புற விழுந்தும் காட்டினேன். வாசலில் காவலாளி எட்டிப் பார்த்தார். குகன் என் கோட்டை இழுத்தான். அந்த அம்மா நான் எழும்பும் வரை பொறுமையாக இருந்தார். பிறகு ஒரு முத்திரையை எடுத்துக் குத்தினார். குகனிடம் ஜெர்மனில் நாலைந்து வாக்கியம் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குகன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, அவன்ர மனைவி வரலாமா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்” என்று ஆங்கிலத்தில் கெஞ்சினேன்.

அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, ஆங்கிலத்திலேயே சொன்னார்.

“அவர் வரலாம். நீங்கள் போகலாம்.”